பழைய இரும்பை எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு ஆற அமர உட்கார்ந்து படிங்க.

திருப்பணிக்காக ஆலயத்துப் பின்பக்க ஸ்டோரைக் காலி பண்ணணும்னு முடிவாயிருக்கு. உள்ளே என்னென்ன இருக்குன்னு தொண்டர்கள் நாங்க பட்டியல் எடுத்தோம். பழைய காவடிச் சட்டங்கள், வளைஞ்ச வேல்கள், துருப்பிடிச்ச விளக்குத் தண்டுகள், அன்னதானக் கூடத்து அடுப்பு வளையங்கள், யாரோ ஒரு பக்தர் கொண்டுவந்து போட்ட லோரி ஸ்பிரிங் பட்டைகள், பழைய மடப்பள்ளியைப் பிரிச்சப்போ எடுத்து வச்ச செங்கால் மர உத்தரம், கதவு நிலை. பெசி புரோக் லோரியைக் கூப்பிட்டு மொத்தத்தையும் எடைக்குப் போட்டுடலாம்னு ஒரு பேச்சு ஓடுது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

எங்க கருத்து இதுதான். லோரி வர்றதுக்கு முன்னாடி பொருளைத் தரம் பிரிக்கணும். உலையில் காய்ச்சி அடிச்சா திரும்பவும் உழைக்கக் கூடிய இரும்பையும், இழைச்சா புதுசாகிற மரத்தையும் நம்ம ஊர்ப் பட்டறையில் கொடுத்து ஆலயத்துக்கு வேண்டியதைச் செய்துக்கணும். அந்த வேலை நடக்கும்போது நம்ம பிள்ளைகள் பக்கத்தில் நிக்கணும். மூணாவதுதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

பட்டறை வேலைன்னா என்னன்னு சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால சொல்றோம். கரி உலை, அதுக்குக் காத்து ஊத துருத்தி, அடிக்க சம்மட்டி, பிடிக்கக் குறடு, கீழே பட்டடைக்கல். இரும்பு சிவந்து, சிவப்பைத் தாண்டி ஆரஞ்சு நிறத்துக்கு வரும்போது அடிக்கணும். நிறம் மங்கின பிறகும் அடிச்சா விரிசல் விடும். கத்தி, அரிவாள் மாதிரி முனை வேண்டிய பொருளுக்குக் கடைசியில் தோய்ச்சல் வைப்பாங்க. காய்ச்சிய இரும்பைச் சட்டுன்னு எண்ணெயிலோ தண்ணியிலோ முக்கி இறுக வைக்கிறது. அப்படியே விட்டா கண்ணாடி மாதிரி உடையும். அதனால மறுபடி லேசா சூடு காட்டி, நிறம் மாறுறதைப் பார்த்துப் பதம் எடுப்பாங்க. தெர்மோமீட்டர் கிடையாது. கண்ணுதான் அளவு.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில சூப்பர்வைசர் வேலை பார்க்கிற எங்களுக்கு இது புதுசில்ல. அங்கே மெஷின் திரையில் எண்ணாக வர்றது பட்டறைக்காரர் கண்ணில் நிறமா தெரியுது. ரெண்டும் ஒரே அறிவுதான்.

இந்த அறிவு நமக்கு எவ்வளவு பழசுன்னு எல்லாரும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோமே, ஞாபகம் இருக்கா? 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை இரும்பின் தொன்மை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைச்ச மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 3345 வரை போகுதுன்னு அதில் சொன்னாங்க. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயம் முன்னாடியே கிடைச்சிருக்கு. பெருமைதான், மறுக்கல. ஆனா அதைப் பகிர்ந்த நம்ம வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் எரியிற உலையை நேரில் பார்த்திருக்காங்க?

"பழைய இரும்பில் சாமிக்குப் பொருள் செய்யலாமா?"ன்னு சிலர் கேட்டாங்க. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பாச்சேத்தின்னு ஒரு ஊர், மதுரையிலிருந்து மானாமதுரை போற வழியில் இருக்கு. திருப்பாச்சி அரிவாள்னு படத்திலேயே கேட்டிருப்பீங்க. அந்த அரிவாள் எதில் செய்யிறாங்க தெரியுமா? பெரும்பாலும் ஓடித் தேய்ஞ்ச லோரிகளின் ஸ்பிரிங் பட்டையில்தான். கருப்பண்ணசாமிக்கும் முனியாண்டிக்கும் நேர்ந்துக்கிட்டு ஆள் உயரத்துக்கு அரிவாள் செய்யச் சொல்லி பக்தர்கள் அங்கே வர்றாங்க. சரக்கு ஏத்தி ஊர் ஊரா சுமந்த இரும்பு கடைசியில் காவல் தெய்வத்தின் காலடியில் போய் நிக்குது. அதை யாரும் தோஷம்னு சொல்றதில்ல.

ஸ்பிரிங் பட்டையை ஏன் தேடிப் போறாங்கன்னா அதில் கரிச்சத்து அதிகம். தோய்ச்சல் வச்சா இறுகும், முனை நிக்கும். சாதாரண கட்டுமானக் கம்பி அப்படி இறுகாது. நம்ம மலாய்க்கார நண்பர்கள் பாராங் செய்யவும் இதே லோரி ஸ்பிரிங்கைத்தான் எடுக்கிறாங்க.

பாராங்னு சொன்னதும் சிலருக்கு மனசு சுருக்குன்னு இருக்கும். நம்ம பையன்கள் பேரும் பாராங்கும் சேர்ந்து செய்தியில் வந்தா எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். காரணமில்லாம அதைத் தெருவில் தூக்கிட்டுப் போனா நம்ம நாட்டில் குற்றம். அதனால ஒண்ணைத் தெளிவா சொல்லிடறோம். நாங்க செய்யச் சொல்றது ஆயுதம் இல்ல. விளக்குத் தண்டு, சாம்பிராணிக் கரண்டி, அன்னதானத்துக்கு நீளக் கைப்பிடிக் கரண்டி, அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, செருப்பு ஸ்டாண்டு, வயசானவங்க உட்கார பெஞ்சு. ஒரு பையன் தன் கையால ஒரு விளக்குத் தண்டை அடிச்சு, அது சந்நிதிக்கு வெளியே எரியிறதைத் தினம் பார்த்தான்னா அவன் மனசு எந்தப் பக்கம் சாயும்? இரும்பு ஒண்ணுதான். யார் சொல்லிக் கொடுக்கிறாங்கங்கிறதில்தான் எல்லாம் இருக்கு.

நம்ம ஜார்ஜ்டவுனுக்கும் இந்தத் தொழில் அந்நியம் இல்ல. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பகுதிக்கு ஹொக்கியன் மக்கள் வச்ச பேரே இரும்படிக்கிற தெரு. ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டுக்குச் செம்படிக்கிற தெருன்னு பேர். 2000-த்தில் பழைய வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்ததும் வாடகை ஏறிச்சு, கடைவீடுகளில் தொழில் செய்தவங்க பலர் வெளியேறினாங்க. 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதுக்கப்புறம் சுவர்களில் இரும்புக் கம்பியை வளைச்சுப் பழைய தொழில்களையும் தெருக் கதைகளையும் கேலிச் சித்திரமா வச்சாங்க. மொத்தம் 52. சுற்றுப்பயணிகள் அதுக்கு முன்னாடி நின்னு படம் எடுக்கிறாங்க, நல்லதுதான். ஆனா சுவரில் கம்பிச் சித்திரம் இருந்தா மட்டும் பத்தாது, தொழில் தெரிஞ்ச ஆளும் ஊரில் இருக்கணும்.

இன்னும் சில பட்டறைகள் தீவிலும் பெருநிலத்திலும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கு. பாதி வெல்டிங், பாதி உலை. அவங்களுக்கு வேலை கொடுக்கிற இடமா ஆலயங்கள் இருந்தா என்ன? நம்ம தண்ணீர்மலையும் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலும் இன்னைக்கு நிக்குதுன்னா, முன்னால வந்தவங்க காசோட சேர்த்துக் கைத்தொழிலையும் கொடுத்ததாலதான்.

சரி, எதிர்ப்பேச்சுக்கு வருவோம். கூட்டத்தில் நாலு விஷயம் சொன்னாங்க.

முதலாவது, "எடைக்குப் போட்டா வீணாகலையே, உருக்கி மறுபடி கம்பி ஆக்குறாங்களே." உண்மைதான். மண்ணிலிருந்து வெட்டி எடுக்கிறதைவிட பழைய இரும்பை மின் உலையில் உருக்கினா எரிசக்தி குறைவாகத்தான் ஆகும். அதனால எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நாங்க சொல்லல. அலுமினியக் காவடிச் சட்டம் கொல்லன் உலைக்கு ஆகாது. 660 டிகிரியிலேயே உருகி ஓடிடும், சிவந்து எச்சரிக்கையும் கொடுக்காது. அதை எடைக்கே போடுங்க, நல்ல விலை கிடைக்கும், அந்தக் காசு அன்னதானத்துக்குப் போகட்டும். ஆனா நல்ல ஸ்பிரிங் பட்டையை உருக்கினா அதோட தரம் மத்த குப்பை இரும்போட கலந்து போயிடும். நேரா அடிச்சா அந்தத் தரம் அப்படியே நம்ம கைக்கு வரும்.

ரெண்டாவது, "புதுசு வாங்கினா மலிவு." ஆமா, சில பொருள் மலிவுதான். பெட்டியில் வர்ற பெயிண்ட் அடிச்ச ஸ்டாண்டை விட கையால செய்தது கூலி அதிகம். ஆனா கடல் காத்து அடிக்கிற ஊர் நம்மது. மெல்லிசுத் தகரக் குழாய் உள்ளே துருப்பிடிச்சு கால் மடங்கினதை நாம எத்தனை தைப்பூசத்தில் பார்த்துட்டோம்! கனமான இரும்பைச் சுரண்டி, எண்ணெய் பூசி வச்சா நம்ம பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிக்கும். அதோட, அந்தக் கூலி நம்ம ஊரில் ஒரு வீட்டு அடுப்பை எரிய வைக்குது.

மூணாவது, "உடைஞ்ச பொருள் ஆலயத்தில் இருக்கலாமா, ஆகமம் என்ன சொல்லுது?" நியாயமான கேள்வி. மூலஸ்தானத்தில் இருந்தது, பூஜையில் இருந்தது எதையும் தொண்டர்கள் நாங்க தொடவே மாட்டோம். அதை என்ன செய்யணும்னு சிவாச்சாரியார்தான் சொல்லணும். வெண்கல மணி, விளக்கு எல்லாம் வேற கணக்கு. அது செம்பும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பு, அடிக்கிற இரும்பு இல்ல. நாங்க பேசுறது வெளிப்பிரகாரத்துச் சாமான், சமையல்கட்டுச் சாமான், ஸ்டோர் சாமான்.

நாலாவது, "ஆபத்து இல்லையா?" இதை ஃபேக்டரி ஆளுங்க நாங்களே கேட்போம். அதனால விதிமுறையோடுதான் செய்யணும்:

1. பளபளன்னு நாக முலாம் பூசின ஜி.ஐ. பைப் உலைக்குப் போகவே கூடாது. அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டு வரும், நெஞ்சுக்குக் கெடுதல். குரோம் பூசினதும் அப்படித்தான்.

2. எந்த இரும்பு என்னன்னு கிரைண்டரில் தொட்டுப் பாருங்க. சாதா இரும்பில் பொறி நீளக் கோடா பறக்கும். கரிச்சத்து உள்ளதில் மத்தாப்பு மாதிரி பூப்பூவா வெடிக்கும்.

3. ஓடித் தேய்ஞ்ச ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். ஆகவே தலைக்கு மேல தொங்குற எதையும், மணிக் கொக்கி, தேர் பாகம், ஏணி, இதில் ஒண்ணையும் பழைய இரும்பில் செய்யக் கூடாது. அதுக்குப் புது இரும்பு, அத்தாட்சியோட வாங்கணும்.

4. சாப்பாட்டுச் சாமானுக்குப் பெயிண்ட் இல்லாத சுத்த இரும்பு மட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்.

5. மரத்தை அறுக்கும் முன் ஆணி எல்லாம் பிடுங்கணும், கரையான் ஓட்டை பார்க்கணும். ரயில் சிலிப்பர் கட்டை யாராவது தானமா கொடுத்தா, அதில் கிரியோசோட்டுங்கிற தார் எண்ணெய் ஊறியிருக்கும். அதை உட்காரும் பலகையாவோ மடப்பள்ளி விறகாவோ ஆக்காதீங்க.

நம்மகிட்ட இருக்கிற செங்கால் உத்தரம் அப்படிப்பட்டது இல்ல. மேல் தோலை இழைச்சுப் பார்த்தோம், உள்ளே இரும்பு மாதிரி இருக்கு. இன்னைக்கு அந்தத் தரத்தில் புது மரம் வாங்கப் போனா விலை கேட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். அதில் நாலு பெஞ்சு வரும், கால் எல்லாம் பட்டறை இரும்பில்.

கடைசியா பிள்ளைகள் விஷயம். ஆயுத பூஜை அன்னைக்கு ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம், குங்குமம் வச்சுக் கும்பிடுறோம். மறுநாள் அதே சுத்தியலை மகன் தொட்டா, "போய் படி, இதெல்லாம் உனக்கு எதுக்கு"ன்னு விரட்டுறோம். படிக்க வேணாம்னு நாங்க சொல்லல. எஸ்.பி.எம். முடிச்சுட்டு என்ன செய்யிறதுன்னு தெரியாம வீட்டில் உட்கார்ந்திருக்கிற பையன்கள், பெண் பிள்ளைகள் நம்ம கண்ணு முன்னாடியே இருக்காங்க. உலைக்கு முன்னாடி ரெண்டு சனிக்கிழமை நின்னா, இது நமக்கு ஒத்து வருமான்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும். ஒத்து வந்தா வெல்டிங், மெஷினிங்னு எஸ்.கே.எம். சான்றிதழ் வரை போகலாம். ஃபேக்டரியில் கை வேலை தெரிஞ்ச டெக்னீஷியனுக்கு இருக்கிற மரியாதையை நாங்க தினம் பார்க்கிறோம். இது இன்ன ஜாதிக்காரன் வேலைன்னு ஒதுக்கி வச்ச காலமும் போகட்டும். உலைச் சூடு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

நிர்வாகத்துக்கும் அன்பர்களுக்கும் எங்க வேண்டுகோள்:

பெசி புரோக் லோரியை ரெண்டு வாரம் தள்ளி வைங்க. வர்ற ஞாயிறு கோத்தோங் ரோயோங் போட்டுத் தரம் பிரிச்சுடறோம், கையுறையும் கண்ணாடியும் நாங்க கொண்டு வர்றோம். பட்டறை வச்சிருக்கிறவங்க, தச்சு வேலை தெரிஞ்சவங்க, பழைய கொல்லுப்பட்டறைக் கருவிகள் வீட்டில் கிடக்குதுன்னு சொல்றவங்க கீழே கமெண்டில் எழுதுங்க. கூலி கொடுத்துத்தான் செய்யச் சொல்லுவோம், ஓசியில் கேட்க மாட்டோம். பிள்ளைகளை அனுப்ப விரும்புற பெற்றோரும் எழுதுங்க. 16 வயசுக்குக் கீழ உள்ளவங்க பெற்றோரோடு வந்து தூரத்தில் நின்னு பார்க்கலாம்.

மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமா சொல்லுங்க, பேசித் தீர்ப்போம். எடைக்குப் போட்ட பொருள் திரும்பி வராது. அதனால போடுறதுக்கு முன்னாடி பேசிடுவோம்.



ஆலயத் தொண்டர்கள் சார்பில்.