குளியலறைக்குச் சரி, புத்தக அலமாரிக்கு?



என் தங்கை மகன் கடன் வாங்கி வீடு கட்டுகிறான். நேற்று போனில், "மாமா, வாசக்கால், கதவு, அலமாரி எல்லாமே டபிள்யூ.பி.சி.யில் போட்டுவிடலாமா? ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள்" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

டபிள்யூ.பி.சி. என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூடாக்கிக் கலந்து, அச்சு வழியே பிதுக்கி எடுக்கும் பலகை. நம் ஊரில் கதவுக்கு விற்பது பெரும்பாலும் பி.வி.சி. கலந்தது. சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மரத்தூள் கருகத் தொடங்கும். அதனால் அதற்குக் கீழே இளகும் பிளாஸ்டிக்கையே சேர்க்க முடியும். இதன் பலம், பலவீனம் இரண்டுமே அந்தப் பிளாஸ்டிக்கில்தான் இருக்கின்றன.

முதலில் பலம். எங்கள் வீட்டுக் குளியலறை மரக்கதவு இரண்டு முறை அடியில் உளுத்துப்போனது. ஆறு வருடங்களுக்கு முன் டபிள்யூ.பி.சி. கதவு மாட்டினோம். இன்றுவரை உப்பவில்லை, கரையானும் தொடவில்லை.

அந்த மகிழ்ச்சியில் புத்தக அலமாரிக்கும் அதையே போட்டேன். மூன்றடித் தட்டு, நடுவில் தாங்கல் இல்லை. இரண்டே வருடத்தில் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. பிளாஸ்டிக் ஓயாமல் பாரம் சுமந்தால் மெல்ல மெல்ல வளையும். பாரத்தை எடுத்தாலும் முழுதாக நிமிராது. இதற்கு 'க்ரீப்' என்று பெயர். வகுப்பில் நடத்திய பாடத்தை வீட்டில் மறந்தது என் தப்பு.

வெயிலும் இதற்கு ஆகாது. நிறம் வெளிறும். சூட்டில் மரத்தைவிட நீளவாக்கில் அதிகம் விரியும். இடைவெளி விடாமல் பொருத்தினால் முறுக்கிக்கொள்ளும். மரத்தூள் அதிகமுள்ள பலகையில், வெட்டிய விளிம்பு வழியே ஈரமும் மெதுவாக ஏறும்.

ஆகவே என் கருத்து இதுதான்: குளியலறைக்கும் சமையலறை சிங்க்கின் அடிப்பகுதிக்கும் தாராளமாகப் போடுங்கள். வெயில் படும் தலைவாசலுக்கு வேங்கையோ தேக்கோ போடுங்கள். பாரம் தாங்கும் தட்டுக்கு நல்ல பிளைவுட் போதும். "ஆயுசுக்கும்" என்ற ஒரு சொல்லை நம்பி வீடு முழுக்க ஒரே பொருளைப் போடாதீர்கள்.

வாங்கும் முன் ஒரு வீட்டுப்பாடம். கடையில் சிறு துண்டு கேட்டு வாங்குங்கள். எடையைக் கன அளவால் வகுத்து அடர்த்தி பாருங்கள். அடர்த்தி குறைந்தால் உள்ளே காற்றறைகள் அதிகம்; திருகு சரியாகப் பிடிக்காது. பிறகு ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை எவ்வளவு கூடியதோ அவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது.

இன்னொன்று. ஆசாரி அறுத்துப் போட்ட துண்டுகளை மரம் என்று நினைத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். மூச்சுக்குக் கேடு.

சோதித்தவர்கள் கீழே விடையை எழுதுங்கள். பழைய வழக்கப்படி மதிப்பெண் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்