ஐந்து விஷயம் போதும், பிறகு எழுதுங்கோ

அப்பாவின் கதையை எழுதோணும் என்று இந்த வருடத் தொடக்கத்தில் முடிவெடுத்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு எங்கட குடும்பம் நடந்த நடை. நான் அப்ப கைக்குழந்தை. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அப்பா சொல்ல நான் டைப் பண்ணுறது என்று திட்டம். கொன்ட்ராக்ட் வேலைக்கு நாள் முழுக்க விஎஸ் கோடில்தான் இருக்கிறேன், இதையும் அதிலேயே எழுதுவோம் என்று தொடங்கினேன்.

அந்த முடிவு பிழையில்லை, இப்பவும் அதைத்தான் சொல்வேன். ஃபைல் வெறும் டெக்ஸ்ட். முப்பது வருடம் கழித்தும் எந்த எடிட்டரிலும் திறக்கும். பிழை எங்கே என்றால், நாலு சனிக்கிழமை தீம், ஃபொன்ட், எக்ஸ்டென்ஷன் என்று போய்விட்டது. எழுதினது ஒரே ஒரு பந்தி.

உண்மையில் தேவையானது ஐந்துதான்.

ஒன்று, ஃபைலை மார்க்டவுனாகச் சேமியுங்கோ. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் என்றால் சஜெஷன் பெட்டி அடிக்கடி வந்து நிற்கும். என்டர் தட்டினால் நீங்கள் நினைக்காத சொல் வந்து விழும். மார்க்டவுனில் அது முதலிலேயே ஓஃப். நீண்ட வரியும் தானாக மடங்கும்.

இரண்டாவது தமிழுக்கு முக்கியம். ‘ராப்பிங் ஸ்ட்ரடஜி’யை ‘அட்வான்ஸ்ட்’ ஆக்குங்கோ. வழமையான ‘சிம்பிள்’, எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று கணக்குப் போடும். ‘ர’வும் ‘ஞ’வும் ஒரே அகலமா? வரி பிழையான இடத்தில் மடங்கும்.

மூன்று, மினிமாப்பை நிறுத்துங்கோ. கதைக்கு அது தேவையில்லை.

நாலு, எழுதும்போது ஸென் மோட். கன்ட்ரோல் கே, பிறகு இசட்.

ஐந்தாவது செட்டிங் இல்லை, பழக்கம். ஒரு வசனத்துக்கு ஒரு வரி. 1974இலேயே பிரையன் கெர்னிகன், யூனிக்ஸுக்குப் புதியவர்களுக்காக எழுதின கையேட்டில் இதைச் சொல்லியிருக்கிறார். மார்க்டவுன் அந்த வரிகளை ஒரே பந்தியாகச் சேர்த்துவிடும். ஆனால் கிட்டில் பார்க்கும்போது முழுப் பந்தியும் மாறினதாகக் காட்டாது, அப்பா திருத்தின வசனம் மட்டும் தெரியும். கைதடியில் “மூன்று நாள்” நின்றோம் என்றவர் பிறகு “நாலு நாள்” என்றார். இரண்டுமே என்னிடம் இருக்கு.

“வேர்டில எழுதினா என்னடா?” என்று அக்கா கேட்டா. அதில்தான் உங்களுக்கு எழுத வருமென்றால் அதிலேயே எழுதுங்கோ. நான் சொல்ல வந்தது எடிட்டரைப் பற்றி மட்டுமில்லை. செட்டிங் மாற்றுவதும் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். எங்களைப் போல கோட் எழுதுகிற ஆட்களை அது லேசாக ஏமாற்றும்.

ஐந்தாவது சனிக்கிழமைதான் ஒழுங்காக இருந்து கேட்டேன். அப்பம்மாவைத் தன்ர சைக்கிளில் ஏற்றிப் பாலம் கடத்திவிட்ட ஆளின் பெயர் என்ன? அப்பா கனநேரம் யோசிச்சார்.

“போன மாசம் ஞாபகத்தில இருந்தது, தம்பி.”

நான் ஃபொன்ட் தேடின மாசம் அது. அந்தப் பெயர் வரவேண்டிய இடம் ஃபைலில் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கு. உங்கட வீட்டிலும் கதை சொல்ல ஆரும் இருந்தால், இந்தச் சனிக்கிழமையே பக்கத்தில் போய் இருங்கோ. நிறத்தைப் பிறகு மாற்றலாம்.