கலைஞர் வாய்மொழி

ஓவியரும் சிற்பியரும் தொலைக்காட்சியில் தம் வாழ்வையும் பணியையும் பற்றி உரையாடுகின்றனர். படைப்பே பேசுமன்றோ, படைத்தவர் பேசுதல் எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஆர்ட் 21’ நிகழ்ச்சி இதற்கு விடை தரும். அதில் வினவுவோர் மறைந்து நிற்பர், கலைஞரே பேசுவர். முதல் தொடரில் தோன்றியோருள் லூயீஸ் பூர்ஷ்வா என்னும் சிற்பியும் ஒருவர். அவர் 1999-இல் படைத்த, 30 அடி உயரமுள்ள சிலந்திச் சிற்பம் காண்போரை அஞ்சுவிக்கும். அதன் பெயரோ ‘அம்மா’! அவர்தம் அன்னையார் பழைய சித்திரத் திரைச்சீலைகளின் கிழிசலை இழையோட்டிச் செப்பனிட்டவர் என அறிந்தபின், அச்சம் அன்பாக மாறும். இங்ஙனம் படைப்புக்கு விளக்காகும் வாழ்க்கைச் செய்தியே வேண்டற்பாலது, ஏனையவை வம்புரையாம். ஆயினும், கலைஞர் சொல் நம் கண்ணுக்குத் துணையாகுமேயன்றிக் கண்ணாகாது. எனவே, மாணவர்கள் முதலில் படைப்பைக் காண்க; பின்னர்ச் சொல்லைக் கேட்க; மீண்டும் படைப்பைக் காண்க.