அங்கன்வாடிப் பணியை மதிப்பிடும் முறை

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பின்னர் நாடெங்கும் பரவியது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு உணவும் உடல்நலமும் பற்றிய அறிவு, பள்ளிக்கு முந்தைய கல்வி ஆகிய ஆறும் ஒரே குழந்தையை ஒருங்கே அடைதல் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. மதிப்பிடப் புகுவோரோ பெரும்பாலும் ஆறையும் தனித்தனியே எண்ணுகின்றனர். ஊசிக் கணக்கு சுகாதாரத் துறையின் ஏட்டில் இருக்கிறது. உணவுக் கணக்கு மையத்தின் ஏட்டில் இருக்கிறது. நூறு குழந்தைகளுள் அறுபது பேர் உணவும், அறுபது பேர் ஊசியும் பெற்றனர் எனக் கொள்வோம். இரண்டையும் பெற்றோர் அறுபது பேராகவும் இருக்கலாம், இருபது பேராகவும் இருக்கலாம். ஒருங்கிணைப்பு நடைபெற்றதா என்னும் வினாவுக்கு விடை இவ்வேறுபாட்டில்தான் உள்ளது. 2021 முதல் மையங்களில் கைப்பேசி வழியே குழந்தையின் பெயர்வாரியாகப் பதிவு நடைபெறுவதால், இவ்வினாவை எழுப்புவது முன்போல் கடினமன்று.

வயதும் மொத்தக் கணக்கில் மறைந்துவிடுகிறது. நாள்தோறும் மையத்துக்கு வருவோர் பெரும்பாலும் மூன்று வயதைக் கடந்தவர். வளர்ச்சி பெரிதும் குன்றுவதோ முதல் இரண்டு ஆண்டுகளில். அப்பருவத்துக் குழந்தையின் பங்கு பொட்டலமாக வீடு சென்று, அங்கே பலருக்கும் பங்காகிவிடுவதுண்டு. பொட்டலத்தை எண்ணுதல் எளிது. அதனாலேயே எண்ணுகின்றனர் போலும்!

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. எடை போடும் ஊழியரே அந்த எடையைக் கொண்டு மதிப்பிடப்படுகிறார். எடை குறைந்தோர் மிகுந்தால் விளக்கம் கேட்கப்படும் என அஞ்சுபவரின் தராசு ஒருபுறம் சாய்வதில் வியப்பில்லை. குற்றம் அவருடையதன்று. மாதந்தோறும் போடும் எடை, எவ்வீட்டுக்கு முதலில் செல்லவேண்டும் என்று அவருக்குக் காட்டுவதற்கே உரியது. மதிப்பீட்டுக்கு வேண்டிய அளவையைப் பிறர் எடுத்தல் வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வு அவ்வகையினது. ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 2015-16-இல் நூற்றுக்கு 38.4 என்றும், 2019-21-இல் 35.5 என்றும் அது கண்டது. ஆனால் இக்குறைவில் மையத்தின் பங்கு எவ்வளவு, குடிநீர், கழிப்பிடம், தாயின் கல்வி ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பதை அவ்வெண்கள் பிரித்துக் கூறா. அதற்குச் சில ஊர்களிலேனும் அதே குழந்தைகளைப் பிறப்பு முதல் பள்ளி வரை பின்தொடர்தல் வேண்டும்.

முதல் வகுப்பில் சேரும் குழந்தை எம்மையத்தில் எத்தனை ஆண்டுகள் பயின்றது என்பதை ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்து வைத்தால், அக்குழந்தையைப் பின்னர்த் தேடும் வேலை பெரிதும் குறையும்.