மணிக்கு ஒரு மெத்தை

நாவலூரில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அடுக்கு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. கதவைத் திறந்ததுமே சித்தி புகாரை ஆரம்பித்துவிட்டாள்.

"இதைப் பாருடி! பிள்ளை அமெரிக்காவிலிருந்து பணம் கட்டி அனுப்பிவைத்த மெத்தை. இந்த மகாராஜா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறார்!"

மகாராஜா வேறு யாருமல்ல. பதினோரு வயது மணிதான். ராஜபாளையம் ஜாதி. 2005-ல் நம் தபால் இலாகா இந்த ஜாதிக்குத் தபால் தலையே வெளியிட்டது. பட்டம் பொருத்தம்தான்!

கூடத்து மூலையில் நீல வெல்வெட் மெத்தை ஜம்மென்று இருந்தது. மணியோ குளியலறை வாசலில், வெறும் தரையில் நீட்டிப் படுத்திருந்தது.

"'மணி மெத்தையில் படுக்கிறானா, அம்மா?' என்று நேற்றுக்கூடக் கேட்டான். 'ஓ, ஜோராய்ப் படுக்கிறான்' என்று பொய் சொல்லிவிட்டேன்" என்றாள் சித்தி. குரல் தழுதழுத்தது.

பாவம், மணி நன்றி கெட்டதல்ல. நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். முடி குறைந்த அடிவயிற்றைக் குளிர்ந்த தரையில் ஒட்டிப் படுப்பதும் அதற்காகத்தான். வெல்வெட் உறை குளிர் தேசத்துக்குச் சரி. நம் சித்திரை வெயிலில் அது கம்பளிப் போர்வை!

"அப்படியானால் தரையிலேயே கிடக்கட்டுமே?" என்றாள் சித்தி.

அதுவும் கூடாது. மணியின் முன்னங்கால் முட்டியைத் தொட்டுக் காட்டினேன். கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. கனத்த நாய்கள் வருஷக்கணக்கில் கெட்டித் தரையில் படுத்தால் இப்படித்தான் ஆகும். நாளடைவில் காய்ப்பு வெடித்துப் புண்ணாகலாம். அப்படிக் கண்டால் கை வைத்தியம் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். வயதான நாய்க்கு மூட்டு வலி வேறு உண்டு.

ஆகவே மெத்தை வேண்டும். ஆனால் ஏற்ற மெத்தையாக வேண்டும். நீங்களும் வாங்குவதானால் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

நாய் காலை நீட்டித் தூங்கும்போது மூக்கிலிருந்து வால் அடி வரை அளந்து, அதற்குமேல் ஒரு ஜாண் நீளம் கூட்டிக்கொள்ளுங்கள். கையால் அழுத்தினால் தரை தட்டக் கூடாது. கெட்டியாக இருக்க வேண்டும். கிழட்டு நாய்க்கு விளிம்பு உயரமாக இருக்கக் கூடாது, ஏறத் தடுமாறும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்புப் போடுங்கள். இளம் நாய்க்குக் கயிற்றுக் கட்டில் போல், அடியில் காற்றோடும் படுக்கை மிக நல்லது. கடித்துக் குதறும் குட்டிக்கு ஃபோம் மெத்தையே வேண்டாம். விழுங்கிய துண்டு குடலை அடைத்துவிடும்.

கழற்றித் துவைக்கும் பருத்தி உறையாகப் பாருங்கள். தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் நாயின் மேலிருந்து உதிர்ந்து படுக்கையில்தான் சேரும். வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் தங்கவிடாதீர்கள். பூச்சி வராதிருக்க அந்துருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். நாய்க்கு அது விஷம்!

சித்தியும் நானும் உடனே வேலையில் இறங்கினோம். வெல்வெட் உறையைக் கழற்றினோம். உள்ளே மெத்தை கெட்டியாக, நன்றாகவே இருந்தது. சித்தியின் பழைய நூல் புடவையை அதன்மேல் சுற்றித் தைத்தோம்.

"மூலையிலேயே போட்டுவிடலாமா?"

"மணி ஏன் குளியலறை வாசலில் படுக்கிறது என்று யோசித்தாயா, சித்தி? அங்கிருந்து பார்த்தால்தான் சமையலறையில் நீ நிற்பது தெரிகிறது!"

மெத்தையைச் சமையலறை வாசலுக்கு ஓரமாக, மின்விசிறிக் காற்று படும்படி போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் இரவு சித்தி டெலிபோன் செய்தாள். "புடவையை முகர்ந்து பார்த்தானடி. மூன்று சுற்றுச் சுற்றினான். அப்படியே படுத்துவிட்டான். பிள்ளையைக் கூப்பிட்டு நான் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டுவிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'எனக்கு அப்போதே தெரியுமம்மா' என்கிறான், போக்கிரி!"