மோட்டார் வண்டியும் தீப்பொறியும்

தேருக்கு அச்சாணி எத்தகையதோ, பெட்ரோல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கும் அத்தகையதே. நான்கு ஸ்டிரோக் எஞ்சின் நிமிஷத்திற்கு 3,000 முறை சுழலுங்கால், ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை எரிபொருளைப் பற்றவைக்கும் பொறுப்பு இச்சிறு கருவியினுடையது.

விலையுயர்ந்த இரிடியம் பிளக்கை மாட்டினால் வண்டி புதுப்பலம் பெறும் என்பர் பலர். இக்கூற்று பொருந்தாது என்பதே எமது அபிப்பிராயம். பலம் பெட்ரோலும் காற்றும் எரிதலால் உண்டாவது. பொறி அதனைத் தொடங்கிவைப்பதேயாம். நல்ல நிலையிலுள்ள நிக்கல் பிளக்கும் இத்தொழிலைக் குறைவறச் செய்யும்.

ஆயின் இரிடியத்தின் சிறப்புத்தான் யாது? நீடித்த ஆயுளே. ஒவ்வொரு பொறியும் முனையைச் சிறிது அரிக்கின்றது. நிக்கல் 1,455 டிகிரியிலும், பிளாட்டினம் 1,768 டிகிரியிலும், இரிடியம் 2,446 டிகிரியிலும் உருகுவன. ஆதலின் இரிடிய முனையை மெல்லிய கம்பிபோல் அமைப்பினும் அது விரைவில் தேயாது. நிக்கல் பிளக் ஏறக்குறைய 30,000 கிலோமீட்டரும், இரிடியம் 1,00,000 கிலோமீட்டரும் உழைக்கும். செம்பு பிளக் எனப்படுவதிலும் செம்பு உள்ளிருந்து வெப்பத்தைக் கடத்துவதேயன்றி, பொறி எழும் முனை பெரும்பாலும் நிக்கல் கலவையே.

உலோகத்தினும் முக்கியமானது வெப்பப் பொருத்தம். முனை சுமார் 500 டிகிரிக்குக் குறையின் கரி படியும்; 900 டிகிரியைக் கடப்பின் பொறிக்கு முன்னரே எரிபொருள் பற்றி, பிஸ்டனையே உருக்கிவிடவும் கூடும். இவ்வெப்பநிலை, பீங்கான் போன்ற அலுமினா மூக்கின் நீளத்தைப் பெரிதும் பொறுத்தது. பொருந்தாத பிளக், இரிடியமேயாயினும், எஞ்சினுக்குப் பகையாம்.

மலிவானதென்று நிக்கல் பிளக்கை மாற்றாது விடுவோரும் தவறிழைப்பவரே. தேய்வினால் இடைவெளி அகன்றால் அதிக மின்னழுத்தம் வேண்டியதாகிக் காயில் வருந்தும், பொறி தவறும். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவ, பிஸ்டன் வளையங்கள் தேயும். புகைக்குழாயிலுள்ள காட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். பிளக்கில் மிச்சம் பிடித்த சிறுதொகை, பெருஞ்செலவாய்த் திரும்பும்.

ஆகவே நண்பர்காள், வண்டியுடன் வந்த கையேட்டைப் படித்து, அதிற் குறித்த பிளக்கையே, குறித்த இடைவெளியுடன், குறித்த காலத்தில் மாற்றுங்கள். இரிடியம் விதிக்கப்பட்டிருப்பின் அதனையே வாங்குக. பல பாகங்களைக் கழற்றியே பிளக்கை எட்டவேண்டிய எஞ்சின்களில் அதன் விலை கூலியிலேயே ஈடாகும். நிக்கல் விதிக்கப்பட்ட பழைய வண்டிக்கோ, காலந்தவறாது மாற்றிய நிக்கலே போதும். விலையை நோக்காது பொருத்தத்தை நோக்குதலே அறிவுடைமை.