தலை தூக்காத கடல்நாய்

கடல்நாயின் புகைப்படம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். உருண்டைத் தலை, ஈரம் பளபளக்கும் பெரிய கருவிழிகள், நேராக உங்களை நோக்கும் பார்வை. நாட்காட்டிகளில் வருவது பெரும்பாலும் இத்தகைய படந்தான். மணலில் படுத்திருந்த கடல்நாயை அப்படிப் படம்பிடித்திருந்தால், அது கெட்டுப்போன படம் என்பேன் நான். ஏன் தெரியுமா?

நம் நாட்டுக் கரைகளில் கடல்நாய்கள் வாழ்வதில்லை. எனவே ஸ்காட்லாந்துக்குப் போவோம். அபர்டீன் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், நியூபர்க் என்ற சிற்றூரின் அருகே ஐதன் ஆறு வடகடலில் கலக்கிறது. கழிமுகத்தின் வடகரையில் ஃபோர்வி மணற்குன்றுகள். அங்கே சாம்பல்நிறக் கடல்நாய்கள் நூற்றுக்கணக்கில் படுத்துக் கிடக்கும். தென்கரையில் நடந்து சென்றால் ஆற்றுக்கு இப்பால் நின்றே அவற்றைக் காணலாம்.

பார்த்தால் சோம்பேறிக் கூட்டமாகத் தோன்றும். ஆனால் கடலில் இரை தேடிக் களைத்த உடலுக்கு அந்த ஓய்வு தேவை. ஆண்டுக்கொரு முறை அவற்றின் பழைய மயிர் உதிர்ந்து புதுமயிர் முளைக்கும். அதற்காகத் தோலுக்கு இரத்தம் மிகுதியாகப் பாயும். அந்நாட்களில் குளிர்ந்த நீருக்குள் விரட்டப்பட்டால் உடல் வெப்பம் வீணாகிவிடும்.

மனிதர் நெருங்கினால் என்ன நடக்கும்? முதலில் தலைகள் நிமிரும். பிறகு உடல்கள் நீரை நோக்கி நகரும். ஒன்று பாய்ந்தால் போதும், கூட்டமே ஓடும். நாம் ரசித்த அந்தப் பார்வை பெரும்பாலும் இதன் முதற்கட்டமே. (நீரில் மிதக்கும் கடல்நாய் சங்கதி வேறு. அது நம்மை வேடிக்கை பார்க்கத் தானே வரும்!) ஐதன் கழிமுகம் 2017-இல் கடல்நாய்கள் கரையேறும் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அவற்றைத் தொல்லைப்படுத்துவது 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆலாக்களின் நிலை இன்னும் மோசம். அவை வெறும் மணலில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடுகின்றன. படம் எடுப்பவரைக் கண்டு தாய் எழுந்து பறந்தால் முட்டை குளிர்ந்துபோகும், அல்லது கடற்காகம் கொத்திச் செல்லும். அதனால்தான் ஃபோர்வியின் தென்முனையை ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை மூடி வைக்கிறார்கள்.

“அருகில் போகாமல் படம் எப்படி?” என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். 100 மீட்டர் தொலைவில் 2 மீட்டர் நீளமுள்ள கடல்நாய் படுத்திருக்கிறது. குவியத்தூரம் 500 மில்லிமீட்டர் உள்ள லென்ஸ் காமிராவுக்குள் 10 மில்லிமீட்டர் நீளப் பிம்பத்தைத் தரும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அதே பிம்பம் வேண்டுமானால் 10 மீட்டர் வரை நெருங்க வேண்டும். கூட்டம் அதற்குள் கடலில் இருக்கும்.

நீண்ட லென்ஸின் விலை நமக்கு எட்டாது என்பது உண்மைதான். எட்டாவிட்டால் என்ன? கடல்நாய் கடுகளவாகத் தெரியட்டும். ஆறு, மணற்குன்று, அவற்றின் நடுவே அசையாது உறங்கும் கூட்டம் எல்லாம் படத்தில் இருக்குமே! ஸ்காட்லாந்தில் ஆய்வாளர்கள் வானிலிருந்து எடுத்த படங்களில் இத்தகைய புள்ளிகளைத்தான் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெடுக்கிறார்கள். பள்ளிக் கண்காட்சியில் படங்களுக்கு மதிப்பெண் போடும் வேலை என்னிடம் வந்தால், ஒரு கடல்நாய்கூடத் தலை தூக்காத படத்துக்கே முதலிடம் தருவேன்.